பின் சீட்டில் தூங்கும் பெல்ட்

சட்டம் கட்டாயம் என்கிறது. கார் கம்பெனியும் கொடுத்திருக்கிறது. ஆனால் பல குடும்பக் கார்களில் பின் சீட் பெல்ட் கவருக்கு அடியிலும் சீட் சந்துக்குள்ளும் புதைந்து கிடக்கிறது. தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குஜராத்தின் உத்வாடாவிலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மெர்சிடிஸ் கார், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. உள்ளே நான்கு பேர். முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. வயது 54. பின் சீட்டில் இருந்த இருவருமே பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தில்லியிலும் இப்படி ஒரு மரணம். 2014 ஜூன் 3 அதிகாலை, விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் கோபிநாத் முண்டேயின் கார் மீது ஒரு சந்திப்பில் இன்னொரு கார் மோதியது. முண்டே பின் சீட்டில் இருந்தார். அமைச்சராகப் பதவியேற்று அப்போது சில நாட்களே ஆகியிருந்தன. பெல்ட் போட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன். அவர் டாக்டரும்கூட.

இரண்டு மரணங்களும் நாட்டை உலுக்கின. டி.வி.யில் விவாதங்கள் நடந்தன. சில வாரங்களுக்குப் போலீஸ் சோதனைகளும் நடந்தன. பிறகு பின் சீட்டில் இருப்பவர்கள் பழையபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஏன்? அலட்சியம் என்பது எளிதான பதில். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஏதாவது ஒரு குடும்பக் காரின் பின் கதவைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். பட்டை கிடைக்கும். அதைப் பூட்டும் பக்கிள் பெரும்பாலும் கிடைக்காது.

ஏட்டில் இருக்கும் சட்டம்

பின் சீட் பெல்ட் சட்டம் மிஸ்திரியின் விபத்துக்குப் பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆவது விதி, ஓட்டுநரும் முன் சீட்டில் இருப்பவரும் மட்டுமல்லாமல், முன்னோக்கி அமைந்த பின் சீட்டுகளில் இருப்பவர்களும் வண்டி ஓடும்போது பெல்ட் போட வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்சென்றாலும் அதே 1,000 ரூபாய்.

ஆனால் சட்டம் இருப்பது தெரிந்தால்தானே பயம் வரும். நிஸ்ஸான் கார் நிறுவனமும் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பின் சீட்டில் பெல்ட் போடுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். தங்கள் வண்டியில் பின் சீட் பெல்ட் இருப்பதாகச் சொன்னவர்களோ 70 சதவீதத்துக்கும் மேல். காரில் பெல்ட் உண்டு, இடுப்பில் இல்லை. அது சட்டப்படி கட்டாயம் என்று அறிந்தவர்கள் நான்கில் ஒருவரைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

விளைவு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் தெரிகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள் 16,715 பேர். இவர்களில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. சரிபாதி. பெல்ட் போடாதது விபத்துக்குக் காரணம் ஆகாது; ஆனால் விபத்தில் சிக்கியவர் பிழைப்பாரா இல்லையா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பின் சீட்டில் பெல்ட் போடுவது மரண அபாயத்தை 25 முதல் 75 சதவீதம் வரை குறைக்கிறது.

மூன்றாவது மாடியிலிருந்து

பின் சீட் பத்திரமானது என்பது நம் ஊரில் வேரோடிய நம்பிக்கை. முன்னால் மெத்தென்ற சீட் இருக்கிறது, கண்ணாடி எங்கோ தள்ளி இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம். அம்பாசிடர் காலத்திலிருந்தே பின் சீட்தான் மரியாதைக்குரிய சீட். அதிகாரி, முதலாளி, மாப்பிள்ளை, மாமியார் எல்லோருக்கும் இடம் அங்கேதான். வெள்ளைத் துண்டு விரித்து உட்காரவைத்த இடத்தில் பெல்ட் போடச் சொல்வது மரியாதைக் குறைவாகவே பட்டது.

இயற்பியலுக்கு மரியாதை தெரியாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவது, சுமார் 32 அடி உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடல் அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அந்த வேகத்தை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் உடல் எடையைப் போல் 20 மடங்கு விசை தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,200 கிலோ பாரம். கையை நீட்டி முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் தாயின் கதை இன்னும் மோசம். 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 200 கிலோவாகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. தாயும் பெல்ட் போடவில்லை என்றால், முன் சீட்டுக்கும் தாயின் உடலுக்கும் நடுவே நசுங்குவது குழந்தைதான்.

பின்னால் இருப்பவர் தனக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்ளவில்லை. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முன் சீட்டில் ஒழுங்காகப் பெல்ட் போட்டவர்களும், பின்னால் இருப்பவர் பெல்ட் போடாதபோது, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிக மரண அபாயத்தில் இருக்கிறார்கள் என்பதே அது. பின்னாலிருந்து வரும் உடல் முன் சீட்டின் முதுகை உடைத்துக்கொண்டு, அதில் இருப்பவரை ஸ்டியரிங்கோடு சேர்த்து நசுக்குகிறது. ஏர் பேக் முன்னால்தான் விரியும். பின்னாலிருந்து வரும் அடியைத் தடுக்க அதனால் முடியாது.

பக்கிள் எங்கே?

இவ்வளவும் தெரிந்து, போட வேண்டும் என்று முடிவுசெய்த குடும்பமும் காரில் ஏறியதும் தோற்றுப்போகிறது. காரணங்கள் சின்னவை. ஆனால் ஒவ்வொன்றும் உயிரோடு தொடர்புடையது.

முதல் குற்றவாளி சீட் கவர். புதுக் கார் வாங்கிய வாரத்திலேயே கவர் மாட்டிவிடுவது இங்கே சடங்கு மாதிரி. பின் சீட்டின் அடிப்பகுதியில் இரண்டு அல்லது மூன்று பக்கிள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குச் சரியான இடத்தில் துளை விட்டுத் தைப்பது கூடுதல் வேலை. அவசரத்தில் பக்கிள்களைச் சந்துக்குள் திணித்து மேலே ரெக்ஸினை இழுத்து மாட்டிவிடுகிறார்கள். பார்க்க மொழுமொழுவென்று அழகாக இருக்கும். காரின் சொந்தக்காரர் பின்னால் உட்காருவதில்லை என்பதால் பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்காகச் சீட் இடுக்கில் உள்ள ஐசோஃபிக்ஸ் என்ற இரும்புக் கொக்கிகளும் இதே கவருக்கு அடியில் மறைந்துபோகின்றன.

இரண்டாவது, நடு சீட். பல குடும்பக் கார்களில் ஓரத்து இரண்டு பேருக்கும் தோளையும் இடுப்பையும் தாங்கும் மும்முனைப் பெல்ட் உண்டு. நடுவில் இருப்பவருக்கு இடுப்பில் மட்டும் கட்டும் பழைய மாதிரிப் பட்டைதான். வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மும்முனைப் பெல்ட்டை வடிவமைத்தது 1959இல். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. அதற்கு 60 ஆண்டுகளுக்குப் பிறகும் நடு சீட்டுக்கு அது வந்து சேராத கார்கள் நம் சாலைகளில் ஏராளம். முன்னோக்கி அமர்கிற எல்லோருக்கும் மும்முனைப் பெல்ட் கொடுக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தது 2022 பிப்ரவரியில்தான்.

இடுப்புப் பட்டை ஒன்றுமில்லாததைவிட மேல். ஆனால் அதற்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. மோதும்போது மேல் உடம்பு கத்தரிக்கோல் மாதிரி முன்னால் மடங்கும். பட்டை இடுப்பெலும்பில் இறுக்கமாக இல்லாமல் வயிற்றில் தளர்ந்து கிடந்தால் குடலும் முதுகெலும்பும் அடிபடும். அதனால்தான் நடுப் பட்டையைப் பூட்டியதும் நுனியை இழுத்துத் தொடைக்கு மேலே இறுக்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்தப் பட்டை ஒரு முறைகூட இழுக்கப்படாமல், கம்பெனியில் சுருட்டிய மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

மூன்றாவது, எந்த நாக்கு எந்தப் பக்கிளுக்கு என்ற குழப்பம். நடு பெல்ட்டின் உலோக நாக்கு ஓரத்துப் பக்கிளில் சேராது. சில கார்களில் சேர்வது போல் போய்ப் பூட்டாமல் நிற்கும். இதற்காகவே பல கார்களில் நடுப் பக்கிளில் ‘சென்டர்’ என்று பொறித்திருக்கிறார்கள். கவருக்கு அடியிலிருந்து மீட்டெடுத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ‘க்ளிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒரு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும்.

இழுத்தால் வராது, விட்டால் போகாது

பின் சீட் பெல்ட் ரிப்பேர் என்று மெக்கானிக்கிடம் வரும் புகார்களில் பல உண்மையில் ரிப்பேரே இல்லை. பெல்ட் ஒரு சிறிய பெட்டிக்குள் ஸ்பிரிங்கால் சுருட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இரண்டு காவல்காரர்கள். ஒருவர் கார் திடீரென்று வேகம் குறைவதையோ சாய்வதையோ உணர்பவர். சிறு உலோக குண்டு அல்லது ஊசலாடும் எடைதான் அவர். இன்னொருவர் பட்டை வெடுக்கென்று இழுக்கப்படுவதை உணர்பவர். இருவரில் யார் உஷாரானாலும் பெல்ட் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே அவசரமாக இழுத்தால் வராது. மலைப்பாதையில், சரிவில் நிறுத்திய காரிலும் வராமல் அடம்பிடிக்கலாம். இது கோளாறு இல்லை, அதன் வேலையே இது. கொஞ்சம் உள்ளே போகவிட்டு நிதானமாக இழுத்தால் வந்துவிடும். சில கார்களில் பட்டையைக் கடைசி வரை இழுத்துவிட்டால், குழந்தை இருக்கையைக் கட்டுவதற்கான முறைக்கு மாறி, உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. முழுவதும் சுருள விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உண்மையான கோளாறுகளும் உண்டு. பின் சீட்டை மடக்கி டிக்கியில் சாமான் ஏற்றியவர்கள் சீட்டைத் திரும்ப நிமிர்த்தும்போது பட்டை பின்னால் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. பிறகு இழுத்தால் அசையாது. பலமாக இழுத்தால் ஓரம் பிய்ந்து நூல் தெரியும். பட்டை முறுக்கிக்கொண்டால் வழிகாட்டி வளையத்தில் சிக்கி நிற்கும். முறுக்கிய பெல்ட் விபத்தின்போது அகலமாகப் பரவாமல் கயிறு போல் உடலை அறுக்கும். தூசும் வியர்வை அழுக்கும் படிந்த பட்டை சோம்பேறியாகச் சுருளும், தொளதொளவென்று தொங்கும். பெரும்பாலும் இதற்கு மருந்து மிதமான சோப்புத் தண்ணீரும் துணியும்தான். நன்றாகக் காய்ந்த பிறகே சுருளவிட வேண்டும். பிளீச்சிங் திரவமோ சாயமோ படக் கூடாது, இழைகள் பலமிழந்துவிடும்.

பக்கிளுக்குள் பிள்ளைகள் போடும் மிட்டாய்க் காகிதம், நாணயம், முறுக்குத் தூள் எல்லாம் போகும். வெளிப்பார்வைக்குப் பூட்டிய மாதிரி இருந்து, பூட்டாமல் இருப்பது இந்தப் பக்கிள்தான். எண்ணெய் விடுவது தப்பு. தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்தும் பூட்டவில்லை என்றால் மாற்றுவது ஒன்றே வழி. எலி கடித்த பட்டை, நூல் பிரிந்த பட்டை, பெரிய விபத்தில் ஒரு முறை ஆளைத் தாங்கிய பட்டை மூன்றும் அதே வகை. விபத்தில் நீண்டு இழைகள் தளர்ந்த பெல்ட் அடுத்த முறை அதே பலத்தோடு தாங்கும் என்று நம்ப முடியாது.

தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுத் தைப்பதும் கூடாது. டன் கணக்கில் இழுவையைத் தாங்க வேண்டிய இடம் அது. பேன்ட் தைக்கிற நூலின் வேலை அல்ல.

ஐந்து பேர் காரில் ஏழு பேர்

கோளாறில்லாத பெல்ட்டுக்கும் தலை எண்ணிக்கை எதிரி. பின் சீட்டில் மூன்று பெல்ட். உட்காருவது நான்கு பெரியவர்கள், மடியில் இரண்டு குழந்தைகள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகும் எந்தக் குடும்பத்திலும் இதுதான் காட்சி. நெருக்கி உட்காரும்போது பக்கிள் பக்கத்தில் இருப்பவரின் தொடைக்கு அடியில் போய்விடும். ஒரு பெல்ட்டை இரண்டு பேருக்குச் சேர்த்துப் போடுவது இன்னும் ஆபத்து. இரண்டு உடல்களும் ஒன்றையொன்று மோதி நசுக்கும்.

குழந்தைகளின் விஷயம் தனி. பெரியவர்களுக்காக வடிவமைத்த பட்டை, சுமார் 145 செ.மீ. உயரத்துக்குக் குறைவான பிள்ளைக்குக் கழுத்தில் உரசும். உறுத்துகிறது என்று பிள்ளை அதைக் கக்கத்துக்குக் கீழே தள்ளிவிடும். அல்லது முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும். அப்போது மும்முனைப் பெல்ட், வயிற்றை வெட்டும் வெறும் இடுப்புப் பட்டையாகிவிடுகிறது. உட்காரும் உயரத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இருக்கை இதற்காகத்தான். தலையணையை மடித்துப் போட்டு உட்காரவைப்பது பதில் ஆகாது. மோதலில் தலையணை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கைக்குழந்தைக்கு, பின்னோக்கி அமரும் தனி இருக்கை. சில ஆயிரம் ரூபாய் செலவு என்று தயங்குபவர்கள், அதே காருக்கு அலாய் வீலும் ஸ்பீக்கரும் வாங்கும்போது தயங்குவதில்லை.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்பது பரவலாக உள்ள இன்னொரு தவறான எண்ணம். போட வேண்டும், போடும் விதம்தான் முக்கியம். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டி. தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில். வயிற்றின் மேல் எதுவும் குறுக்கே போகக் கூடாது. சேலை கசங்குகிறது என்று குறைப்படும் பாட்டிமார்களுக்கும் இடுப்புப் பட்டை கீழே, தோள் பட்டை கழுத்தில் படாமல் என்பதே விதி. கண்ணாடிப் பக்கம் இருக்கும் தூணில் பட்டையின் உயரத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் முன் சீட்டுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது என்பதால், உயரம் குறைந்தவர்களுக்குப் பின் சீட்டில் கழுத்து உரசல் தவிர்க்க முடியாத தொந்தரவு. அப்படிப்பட்டவரை நடுவில், அங்கே மும்முனைப் பெல்ட் இருந்தால், உட்காரவைத்துப் பார்க்கலாம்.

பெரிய குடும்பங்கள் நம்பியிருக்கும் ஜீப் மாதிரி வண்டிகளின் கடைசியில், எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டு பெஞ்சுகள் உண்டு. சட்டம் பேசுவது முன்னோக்கி அமைந்த சீட்டுகளைப் பற்றி. பழைய வண்டிகளின் அந்தப் பெஞ்சுகளில் பெல்ட்டே இருக்காது. பெரும்பாலும் அங்கே அனுப்பப்படுவது பிள்ளைகள்தான்.

சத்தத்தை அடைக்கும் கிளிப்

2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் முன் சீட்டுகள் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கைச் சத்தம் கட்டாயம். மிஸ்திரி விபத்து நடந்த அதே மாதத்தில் பின் சீட்டுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை மத்திய அரசு வெளியிட்டது. 2025 ஏப்ரல் என்று காலக்கெடுவும் வைக்கப்பட்டது. தில்லிப் போலீஸ் 2022 செப்டம்பரில் பாராகம்பா சாலையில் நின்று பின் சீட்டுப் பயணிகளுக்கு அபராதம் எழுதியது. மும்பைப் போலீஸ் அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் காரில் உள்ள எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் என்று அறிவித்தது.

இந்தியர்கள் சத்தத்துக்கும் மாற்று வைத்திருந்தார்கள். பக்கிளில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக காரை நம்பவைக்கும் உலோகக் கிளிப் அது. நான்கு மாநில முதல்வர்களின் கார்களில் பயணம் செய்தபோது பக்கிளில் இந்தக் கிளிப் செருகப்பட்டிருந்ததைப் பார்த்ததாக 2022 செப்டம்பரில் கட்கரியே சொன்னார். யார் அந்த முதல்வர்கள் என்று கேட்காதீர்கள் என்றார். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கு இந்தக் கிளிப்புகளை நீக்க உத்தரவிட்டது. நீக்கப்பட்ட விற்பனைப் பட்டியல்கள் மட்டும் 13,118. உயிரைக் காக்கும் கருவியை ஏமாற்றும் ஒரு பொருளுக்கு இத்தனை கடைகள்.

பின் சீட் எச்சரிக்கையிலும் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. எடையை உணரும் அமைப்புள்ள காரில் மளிகைப் பையை வைத்தாலும் அலறலாம். அதற்குப் பயந்து பெல்ட்டைக் காலி சீட்டில் நிரந்தரமாகப் பூட்டிவைத்துவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து உட்காருபவர்கள் உண்டு. கருவி எச்சரிக்கலாம், கையைப் பிடித்துப் பூட்டிவிட அதனால் முடியாது.

அரை மணி நேர வேலை

இதில் அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் காத்திருக்க வேண்டிய பகுதி கொஞ்சம்தான். மீதி, காரின் சொந்தக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடிக்கக்கூடியது. பின் சீட் கவரைத் தூக்கிப் பார்த்து, புதைந்த பக்கிள்களை வெளியே எடுத்து, கவரில் துளை இல்லாவிட்டால் கடைக்கே திரும்பக் கொண்டுபோய்த் துளையிட்டு ஓரம் தைக்கச் சொல்லலாம். காசு வாங்கியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒவ்வொரு பட்டையையும் முழுவதும் இழுத்து முறுக்கு, கிழிசல், கடி இருக்கிறதா என்று பார்க்கலாம். வெடுக்கென்று இழுத்தால் பூட்டுகிறதா, விட்டால் தானாகச் சுருள்கிறதா, பக்கிள் ஒரே அழுத்தில் திறக்கிறதா என்று சோதிக்கலாம். வாரன்ட்டி உள்ள காரில் கோளாறு இருந்தால் வாய்மொழியாகச் சொல்லாமல் சர்வீஸ் ஜாப் கார்டில் எழுதவைக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இன்ஜினையும் டயரையும் பார்ப்பதோடு பின் சீட்டில் உட்கார்ந்து மூன்று பெல்ட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டையைக் கடைசி வரை இழுத்தால் அந்தக் காரின் ரகசியமும் சில சமயம் வெளியே வரும். உள்பக்கத்தில் காய்ந்த சேறு இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். ஒரு பெல்ட் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும்.

டாக்சியில் ஏறுபவர்களுக்கும் ஒரு உரிமை உண்டு. பக்கிள் கவருக்கு அடியில் இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், வண்டி கிளம்புவதற்கு முன்பு எடுத்துத் தரச் சொல்லலாம். வழக்கமான பதில், “பின்னால போலீஸ் கேக்க மாட்டாங்க சார்.” போலீஸ் கேட்காமல் இருக்கலாம். அடுத்த வளைவில் வரும் லாரி கேட்டுக்கொண்டு வராது.

பின் சீட் இன்னும் மரியாதைக்குரிய இடம்தான். பெற்றோரையும் பிள்ளைகளையும் விருந்தாளியையும் உட்காரவைக்கும் இடம். அவர்களுக்கு உண்மையில் மரியாதை செய்ய நினைப்பவர், கதவைத் திறந்துவிடுவதோடு நிற்காமல், பக்கிளைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்கலாம்.